படத்தில் கழட்டாத தாலி

அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பை இருக்கட்டும், நான் மடியில வச்சுக்கிறேன். நீங்களும் அந்தச் சினிமாவுக்குத்தானே போயிட்டு வர்றீக? தியேட்டர்ல உங்களப் பாத்தேன். எனக்கு முன் வரிசையில இருந்தீக. பாறைக்கடியில கிடந்துக்கிட்டு அவன் பொண்டாட்டி பேரச் சொல்லிக் கத்துற எடத்துல நீங்க முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடச்சீகல்ல. பாத்தேன்.

நான் அழுகலக்கா. எனக்குப் பழகிப்போச்சு. எத்தன தடவ பாத்தேன்னு கேக்காதீக. மொத மொதல்ல எங்க ஊருப் பக்கத்துல ஓடுச்சு, அப்புறம் தேனியில, அப்புறம் திண்டுக்கல். எல்லா எடத்துலயும் எடுத்துட்டான். இப்ப பெரியகுளத்துல இந்தப் பழைய தியேட்டர்ல மட்டும்தான் ஓடுது. அதுவும் வெள்ளிக்கிழமை எடுத்துருவானாம், டிக்கெட் கிழிக்கிற பையன் சொன்னான்.

ஆரம்பத்துல போட்டான்ல, இது உண்மைக் கதைன்னு? மலை சரிஞ்சு விழுந்து, ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப்பு அடிச்சுட்டுப் போயி, ஒத்த ஆளு மட்டும் காட்டுக்குள்ள கிடந்து பொழச்சு வந்தான்னு? அந்த ஆளு எங்க வீட்டுக்காரரு.

சிரிக்காதீக. சத்தியமாத்தான். அந்தப் பொண்டாட்டி, செவப்பா, முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு மலை மலையா அலைஞ்சாளே, அது நான். என்னப் பாத்தா அப்படியா இருக்கு? படத்துல என் பேரு யாழினி. என் பேரு ஒச்சம்மா. ஒச்சம்மான்னு வச்சா பாட்டுல சேராதாம்.

நான் எதுக்குத் திரும்பத் திரும்பப் போறேன்னா, பொய்யப் பிடிக்கத்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பொய் கிடைக்கும். இன்னைக்குக்கூட ஒண்ணு பிடிச்சேன். அவன் கரடியோட மல்லுக்கட்டுறான்ல? எங்க வீட்டுக்காரரு கரடியப் பாக்கவே இல்லக்கா. அட்டைதான் பாத்தாக. கால் ஒடிஞ்சு ஒரு பாறைக்கடியில கிடந்தாக. மழைத் தண்ணி குடிச்சாக, காட்டு வாழைத் தண்ட ஒடிச்சு மென்னாக. அம்புட்டுத்தான். கேட்டா, "என்னத்தச் சொல்ல, அட்ட கடிச்சுச்சு"ம்பாக. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. அத வச்சு ரெண்டரை மணி நேரம் எப்படிப் படம் எடுக்குறது? கரடிய விட்டான்.

அவ வேற, புருசன் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புடுறா. மலையெல்லாம் எதிரொலிக்குது. நான் இன்னைக்கு வரைக்கும் அவுக பேர வாயில சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிற ஆளத்தான் சொல்லச் சொல்வேன்.

சரி, கேளுங்க. உண்மையில நடந்தது என்னன்னா, மழை விடவே இல்ல. மேல தோட்டத்துப் பக்கம் மலை ஒடஞ்சு வந்துருச்சுன்னு சேதி வந்துச்சு. ஜீப்புல போன மத்தவுகள எல்லாம் ஒவ்வொருத்தரா எடுத்துட்டாக, பாவம், ஒருத்தருக்கும் உசுரில்ல. எங்க வீட்டுக்காரர மட்டும் காணல. ஹெலிகாப்டர் வந்துச்சு, சுத்துச்சு, போயிருச்சு. அதிகாரி ஒருத்தரு குடையப் பிடிச்சுக்கிட்டு வந்து, இதுக்கு மேல யாரும் இருக்க வாய்ப்பில்லம்மான்னாரு. கடைசியா ஓடைக்குள்ள ஒரு சட்டை கிடைச்சுச்சு. மயில் கழுத்துக் கலரு. என் கொழுந்தன் அதப் பாத்துட்டு, "எங்க அண்ணன் சட்டைதான்"னு விழுந்து பெரண்டு அழுதாரு.

அந்தச் சட்டை யாருதுங்கிறீக? அந்தத் தோட்டத்துல அம்புட்டு ஆம்பளைக்கும் அதே சட்டைதான்! பொங்கலுக்கு முதலாளி ஒரே துணியில எல்லாருக்கும் எடுத்துக் குடுப்பாரு. அது எங்க எல்லாருக்கும் தெரியும், கொழுந்தனுக்கும் தெரியும். அன்னைக்கு மட்டும் ஒருத்தருக்கும் ஞாபகம் வரல.

அப்புறம் என்ன. வைக்கோல்ல ஒரு உருவம் செஞ்சு, அந்தச் சட்டையப் போட்டு, சுடுகாட்டுக்குக் கொண்டுபோயி எரிச்சாக. கருமாதி வச்சாக. எங்க அண்ணன் கோடிச் சேலை கொண்டாந்து போட்டான். எங்க சின்னத்தா ஒருத்தி, தாலி அறுத்தவ, அவதான் என் கழுத்துல கைய வச்சுத் தாலியக் கழட்டிப் பால் செம்புல போட்டா. டொங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. இன்னும் எங்க வீட்ல யாரும் செம்ப வேகமா வைக்க மாட்டாக.

படத்துல இந்த எடம் வருதே, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவ என்னா பேச்சுப் பேசுறா! "எம் புருசன் உசுரோட இருக்காரு, என் தாலிய எவ தொடுவா, தொடட்டும் பாப்போம்"னு அரிவாளத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. ஊரே ஒதுங்கி நிக்குது. விசில் பறக்குது. நீங்களும் கை தட்டுனீக. தட்டுங்க, தப்பில்ல. ஆனா நான் கேக்குறேன், கருமாதி வீட்ல அப்படி யாராச்சும் பேசுவாகளா? எத்தன நாளா அடுப்புப் பத்தல. ஒரே பசி. தல சுத்துது. யாரோ நாடியப் பிடிச்சு நிமித்துனாக, நிமிந்தேன். குனியச் சொன்னாக, குனிஞ்சேன். இதுல எங்கிட்டுப் போயி அரிவாளத் தூக்க?

அப்படி எல்லாம் முடிஞ்சு பந்தல் பிரிச்ச பெறகு, காட்டு இலாகாக்காரக அவுகள உசுரோட கண்டெடுத்து ஜீப்புல கொண்டாந்து எறக்குறாக.

படத்துல எப்படி வருது? தெருவே ரெண்டு பக்கமும் நிக்குது. அவன் நொண்டிக்கிட்டு வர்றான். அவ வீட்டு வாசப்படியில ஆரத்தித் தட்டோட நிக்கிறா, தட்டு கை நழுவி விழுகுது, ஓடிப்போயிக் கட்டிக்கிறா. நல்லாத்தான் இருக்கு. அந்தப் பாட்டு வேற. அந்த எடம் எத்தன தடவ பாத்தாலும்... சரி, அத விடுங்க.

எங்க வீட்ல நடந்தது வேற. தெருமுக்குலயே பங்காளிக நிறுத்திட்டாக. "காரியம் பண்ணி, கோடி போட்டு, எல்லாம் முடிச்சாச்சு. முன்வாசல் வழியா வந்தா வீட்டுக்கு ஆகாது. கொல்லப்பக்கமா வரட்டும்"னாக. வேலியப் பிரிச்சாக. தலையில மஞ்சத்தண்ணிய ஊத்தி அடுப்படி வழியாக் கூட்டியாந்தாக. ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாக, கால்தான் ஒடிஞ்சு கிடக்கே.

நான் எங்க இருந்தேன்னு கேளுங்க. என் மாமியா என்னப் பிடிச்சு உள் ரூமுக்குள்ள தள்ளி, வெளிய கொண்டியப் போட்டுட்டாக. "பொழச்சு வந்த பிள்ள எதுக்க மூளிக் கழுத்தோட வந்து நிக்காதடி"ன்னாக. அவுகளையும் குத்தஞ் சொல்ல முடியாது, பெத்த வயிறு, பயம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். அவுக குரல் கேட்டுச்சு. "தண்ணி"ன்னாக. அப்புறம், "ஒச்சு எங்க?"ன்னாக. நான் இங்கன இருக்கேன்னு சொல்ல வாயத் தொறந்தேன், சத்தம் வரலக்கா.

மறுநாள்தான் பாத்தேன். மொதல்ல என் மூஞ்சியப் பாத்தாக. அப்புறம் கழுத்தப் பாத்தாக. அப்புறம் செவுத்தப் பாத்தாக. செவுத்துல அவுக போட்டோ மாலையோட தொங்குச்சு. மாலைய அன்னைக்கே எடுத்தாச்சு, ஆனா கண்ணாடியில வச்ச சந்தனப் பொட்டு இன்னும் போகல. எத்தன தடவ துடச்சாலும் மங்கலா ஒரு வட்டம் தெரியுது.

அப்பவே ஒரு மஞ்சக் கயித்தக் கட்டியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்ல? நீங்களும் அதத்தான் நெனைக்கிறீக. எங்க மாமியா பூசாரிகிட்டக் கேட்டாக. பூசாரி யோசிச்சுட்டு, "அந்த வீட்ல துக்கம் நடந்திருக்கு. வருசம் திரும்பாம நல்ல காரியம் வைக்கக் கூடாது"ன்னாரு. யாருக்கு நடந்த துக்கம்? அவுகளுக்கு நடந்த துக்கம். அவுக செத்ததுக்கு அவுகளே வருசம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக. பொங்கல் வைக்கல, தீபாவளி இல்ல. ஒரு பலகாரம் சுடல. சிரிப்பு வருதுல்ல? எனக்கும் வரும், இப்ப.

வருசம் திரும்பிச்சு. தை மாசத்துல ஒரு நல்ல நாளும் பாத்தாச்சு. அந்த நேரம் பாத்துத்தான் சினிமாக்காரக வந்து எறங்குனாக.

டைரக்டர் தம்பி நல்ல பிள்ளதான், கிருபாகரன்னு பேரு. கம்ப்யூட்டரத் தூக்கிட்டு வந்து எங்க வீட்ல உக்காந்து, இந்த மாதிரிக் கதையெல்லாம் வெளிநாட்டுல எப்படி எடுத்திருக்காகன்னு போட்டுக் காமிச்சுச்சு. அடேயப்பா, ஒரு படத்துல ஏரோப்பிளேன் பனிமலையில விழுகுது. ஒண்ணுல ஒருத்தன் படகுல ஒத்தையில மிதக்குறான். இன்னொருத்தன் பாலைவனத்துல நாக்குத் தள்ளிக் கிடக்கான். எல்லாம் நெசமா நடந்ததாம். எல்லாரும் எப்படியோ பொழச்சு வந்துர்றான். கடைசியில பொண்டாட்டி பிள்ளைக கட்டிப் பிடிச்சு அழுகுதுக, படம் முடிஞ்சுருது.

எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் பாத்தாக. பாத்து முடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக. "தம்பி, இவுக வீட்ல எல்லாம் காரியம் பண்ணிட்டாகளா?"

அந்தத் தம்பிக்கு வெளங்கல. அப்புறம் வெளங்கிச் சிரிச்சுச்சு. சிரிச்சுட்டு, எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிச்சு. தாலிக் கதையையும் நான்தான் சொன்னேன். கேட்ட ஒடனே துள்ளிக் குதிச்சு எந்திருச்சுருச்சு. "அக்கா, கட்டிறாதீக! தயவுசெஞ்சு இப்பக் கட்டிறாதீக! படம் வெளியிடுற விழா மேடையில, ஹீரோ கையால தாலி எடுத்துக் குடுக்க, பெத்தணன் அண்ணன் உங்க கழுத்துல கட்டணும். தமிழ்நாடே பாக்கும்"னுச்சு. பெத்தணன்னு அது சொன்னதால நானும் சொல்றேன், இல்லாட்டிச் சொல்ல மாட்டேன்.

எங்க மாமியாளுக்கு வாயெல்லாம் பல்லு. ஊருக்கே சொல்லிட்டாக. அவுக மட்டும் என்னப் பாத்து, "என்ன செய்யலாம்?"னாக. நான், "உங்க இஷ்டம்"னேன். பொம்பள வேற என்ன சொல்றது?

அப்புறம் ஷூட்டிங்கு, ஹீரோவுக்குத் தாடி வளரணும்னு நின்னுச்சு. மழை வரணும்னு நின்னுச்சு. நெச மழை வந்தா அதுல எடுக்க முடியலைன்னு நின்னுச்சு. நாங்களும் நின்னோம். ஊர்ல கலியாணம், சடங்குன்னு வந்தா நான் வீட்லயே இருந்துக்கிருவேன். போனா மாத்திரம் யாரு மஞ்ச குங்குமம் குடுக்கப் போறா? குடுத்தாலும் தப்பு, குடுக்காட்டியும் தப்புன்னு அவுக முழிப்பாக. எதுக்கு மத்தவுகளுக்குச் சங்கடம். புருசன் உள்ள உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருப்பாக, நான் வெளிய மூளியா நிப்பேன். அறுத்தவன்னு சொன்னா அவுகளுக்கு ஆகாது, சுமங்கலின்னு சொன்னா கழுத்து காட்டிக்குடுத்துரும்.

விழாவும் வந்துச்சு. மெட்ராஸுக்குப் போனோம். என் மாமியா பழைய தாலிய, செம்புல போட்டாகளே அதே தாலிய, சுருக்குப் பையில வச்சு இடுப்புல சொருகிட்டு வந்தாக. நான் பட்டுச் சேலை கட்டி, கழுத்து நெறைய மஞ்சப் பூசிட்டுப் போனேன். பேச்சு, பேச்சு, ஒரே பேச்சு. ஹீரோவுக்கு வேற எடத்துல ஷூட்டிங், நேரமாச்சுன்னு பறக்குறாரு. எங்க வீட்டுக்காரர மட்டும் மேல ஏத்தி ஒரு பொன்னாடையப் போட்டாக. பொண்டாட்டியும் வரட்டும்னு மைக்குல கூப்புட்டாக. நான் எந்திருச்சேன். அதுக்குள்ள அந்த யாழினிப் பொண்ணு மேடைக்கு ஓடிப்போயி அவுக பக்கத்துல நின்னுருச்சு. எல்லாரும் கை தட்டுனாக. பொண்டாட்டின்னா அவதானே. நான் சேலைய இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். தாலி மாமியா இடுப்புலயே ஊருக்குத் திரும்பி வந்துச்சு.

போகட்டும், அது கூடப் பெரிசில்ல. படம் வந்துச்சு பாருங்க, மொத நாளு எங்க ஊரே வண்டி கட்டிக்கிட்டுப் போச்சு. நானும் அவுகளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாத்தோம். அந்தத் தாலி எடம் வந்துச்சு. அரிவாளு. விசிலு. நான் ஓரக்கண்ணால பாத்தேன். அவுக தெரையையே பாத்துக்கிட்டு இருந்தாக. கண்ணுல தண்ணி.

எங்க சின்னத்தா, சொன்னேன்ல, கழட்டுனவ, அவ எனக்குப் பின்னாடி உக்காந்து தேம்பித் தேம்பி அழுகுறா. வெளிய வந்து எல்லாருகிட்டயும், "நான் அன்னைக்கே வேணாம்னு தலையில அடிச்சுக்கிட்டேன்"ங்கிறா! இப்ப ஊர்ல யாரக் கேட்டாலும் நான் அரிவாளத் தூக்குனேன்னுதான் சொல்றாக. நேர்ல பாத்தேங்கிறாக. அப்படின்னா உன் தாலி எங்கடின்னு ஒருத்தியும் கேக்க மாட்டேங்குறா.

அவுக மட்டும் கேட்டாக. படம் விட்டு வீட்டுக்கு வந்து, கொல்லையில கால் கழுவிக்கிட்டு, என்னப் பாக்காமலே கேட்டாக. "ஒரு வார்த்தை வேணாம்னு சொன்னியா, ஒச்சு?"

நான் சோறு எடுத்து வச்சேன்.

அதோட சரி. தாலிப் பேச்சே எடுக்குறதில்ல. கோபமெல்லாம் இல்ல, தங்கமான மனுசன். ஒரு சுடுசொல்லு கிடையாது. ஆனா பாருங்க, இன்னும் கொல்லப்பக்கமாத்தான் வீட்டுக்குள்ள வர்றாக. ஒடிஞ்ச கால இழுத்துக்கிட்டு, சந்து வழியா வீட்டச் சுத்திக்கிட்டு, சேத்துல மிதிச்சுக்கிட்டு வருவாக. முன்வாசல் ஆன்னு தொறந்துதான் கிடக்கு. நான்கூடக் கேலி பண்ணுவேன், "திருடனா நீங்க"ன்னு. சிரிப்பாக.

என்னக்கா? நான் கூப்புட்டேனான்னா? நான் எதுக்குக் கூப்புடணும்? அவுக வீடு, அவுக வாசல். அவுகளா வந்தா யாரு தடுக்கப்போறா?

நான் படத்துக்கு வர்றது அவுகளுக்குத் தெரியாது. பெரியகுளத்துல எங்க அக்கா முடியாமக் கிடக்கா, பாத்துட்டு வர்றேன்னுதான் சொல்லிட்டு வருவேன். நம்பிருவாக. ஆனா போன வாரம் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே திடீர்னு, "கடைசியில அவன் வாசலுக்கு வர்றானே, அவ ஓடியாருவாளே, அந்த எடம் இன்னும் இருக்கா, வெட்டிட்டானா?"ன்னாக. எனக்கு எப்படித் தெரியும்னேன். எதுக்கு அதப் போயிக் கேட்டாகன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

என் கழுத்துல கெடக்குற இந்தக் கயித்தத்தானே அப்ப இருந்து பாத்துக்கிட்டு இருக்கீக? கேக்கணும்னு இருக்கு, கேக்க மாட்டேங்குறீக. நானே சொல்லிர்றேன். இது நானே கட்டுனது. பஸ் ஸ்டாண்டு பூக்கடையில மஞ்சக் கயிறும் ஒரு மஞ்சக் கெழங்கும் வாங்கி, கக்கூசுக்குள்ள போயிக் கட்டிக்கிருவேன். வெளியூரு பாருங்க. ஒத்தப் பொம்பள மூளிக் கழுத்தோட சினிமாவுக்குப் போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல. பூக்காரி என்ன நெனச்சாளோ, இன்னைக்கு நாலு கண்ணி மல்லியப்பூவும் சேத்துக் குடுத்தா. "புருசன் வந்திருக்காராக்கும்"னா. ஆமான்னேன்.

திரும்பையில அந்தப் பாலம் தாண்டுன ஒடனே அவுத்துப் பையில போட்டுருவேன். இன்னைக்குப் பேசிக்கிட்டே... ஐயோ, பாலம் எப்பக்கா போச்சு? இது எங்க விலக்குல்ல வருது! அடுத்தது நான் எறங்கணும்.

அக்கா, கொஞ்சம் இதப் பாருங்க. வேர்வையில முடிச்சு இறுகிப்போச்சு. எனக்கு நகமே கிடையாது, பாத்திரம் தேச்சுத் தேச்சு. முடியும் சேந்து மாட்டியிருக்கு, பிடரியில. நான் திரும்பிக்கிறேன். குனிஞ்சுக்கிறேன், எட்டுதா? மூணு முடிச்சுத்தான்.

அண்ணே, கண்டக்டர் அண்ணே, வெள்ளக்கரடு விலக்கு, ஆள் எறங்கணும்! கொஞ்சம் மெதுவா நிறுத்துங்க!

அந்தா நிக்கிறாகல்ல, டீக்கடை ஓரமா, ஒரு காலச் சாச்சுக்கிட்டு? அவுகதான். மழை வரும்னு குடையக் கொண்டாந்திருப்பாக. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், வந்து நிப்பாக. சீக்கிரம் அவுருங்கக்கா, பாத்துருவாக. கயிறு அறுந்தாலும் பரவாயில்ல, இழுங்க.

ஏன்க்கா, கைய எடுத்துட்டீக?